அம்மாவின் முகத்துக்கு நீ தெரிந்தெடுத்த வெயில் கிறீம்

மகன்,

கலியாணத்துக்கு அம்மா வருவாரா என்று போன மாதம் மட்டும் மூன்று தரம் கேட்டுவிட்டாய். மூன்று தரமும் முழங்கால் நோ என்று சொன்னேன். அது பொய். முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றும் முதல் பூசைக்கு நடந்து போய், நடந்தே வந்து, வந்த கையோடு எனக்கு இடியப்பமும் அவித்தார். அவர் வரமாட்டேன் என்று நிற்பது முகத்துக்காக. கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மாப்பிள்ளையைத் தாய்தான் கைகோத்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், அங்கே பிரான்சில் அப்படித்தான் வழக்கம் என்று நீ சொன்னாயே, அன்றைக்குத் தொடங்கியது இந்தப் பிடிவாதம். "அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ? அவ்வளவு கமராவுக்கு முன்னாலயோ? இந்த மூஞ்சையோடயோ? நீங்கள் தனியப் போட்டு வாங்கோ" என்றார். எங்களுக்கு இருப்பது நீ ஒருவன். ஒரே பிள்ளையின் கலியாணத்துக்குத் தாய் வராமல் நான் மட்டும் கோட் போட்டுக்கொண்டு வந்து நின்றால் அது கலியாணமா, இல்லை பஞ்சாயத்தா?

போன செவ்வாய்க்கிழமை அவராகவே வாய் திறந்தார். வருகிறேன், ஆனால் அதற்கு முதல் ஒரு விஷயத்தை நீங்கள் மகனுக்கு உங்கள் கையால் எழுதவேண்டும் என்றார். போனில் சொன்னால் நான் பகிடியாக்கி மழுப்பிவிடுவேனாம், எழுதினால் மழுப்ப ஏலாதாம். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவருக்கு என் அளவு தெரியும். அந்த விஷயம், நீ பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில் எங்கள் கடையில் வைத்து நான் அவருக்குச் சொன்ன ஒரு வசனம். அதை எழுதத்தான் இப்போது மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வியாபாரி நான், கசக்கிற சரக்கை முதலில் எடுத்து விரிக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. உன்னைப் பற்றி எனக்குள்ளே இருக்கிற பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதையும் நான் ஒருநாளும் உன் முகத்துக்கு நேரே சொன்னவன் இல்லை.

போன வருஷம் ஆவணித் திருவிழாவுக்கு வந்தாய். எட்டு வருஷத்துக்குப் பிறகு பிரான்சிலிருந்து வருகிற பிள்ளை, அங்கே மருந்துக்கடையில் வேலை. வாசனைப் போத்தல் வரும், சொக்கிளேற் வரும், எனக்கு ஒரு நல்ல மணிக்கூடாவது வரும் என்று நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நீ திறந்து மேசையில் அடுக்கியது முழுக்க ரியூப்.

"இதென்ன தம்பி, பற்பசையோ?"

"வெயில் கிறீம் அப்பா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விசரே உனக்கு? வெள்ளைக்காரன் வெயிலைக் கண்டாச் சிவக்கிறவன், அவன் பூசுறான். எங்கட தோல் கருவாட்டு வாடியில காய்ஞ்சு பதம் வந்த தோலடா. இதுக்கு மேல எங்க கறுக்கிறது?"

நீ கோபிக்கவில்லை. "என்னைப் பாக்காதேங்கோ அப்பா, அம்மாவின்ர கன்னத்தைப் பாருங்கோ" என்றாய். நான் பார்க்கவில்லை. தேத்தண்ணி ஊற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டேன்.

அடுத்த நாள் நீ செய்ததை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். நானாக இருந்தால் ரியூப்பைக் கையில் கொடுத்து, பிரான்ஸ் சாமான், திறம் சாமான், பூசுங்கோ என்று முடித்திருப்பேன். நீ அப்படிக் கொடுக்கவில்லை. பூசையால் வந்ததும் சவுக்காரம் போட்டு முகம் கழுவச் சொன்னாய். ஒரு மணித்தியாலம் பவுடரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாய். அதுவரைக்கும் குசினியில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தாய். பிறகு முகம் ஒற்றுகிற மெல்லிய ரிசுத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, கன்னங்களில் ஒவ்வொன்று என்று ஒற்றி எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய்.

"என்ர மூஞ்சை என்ன பரீட்சைப் பேப்பரே, வெளிச்சத்தில பிடிச்சுத் திருத்துறாய்?" என்றார் அம்மா.

"நெத்தியும் மூக்கும் எண்ணெய் அம்மா. கன்னம்தான் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி வராத வயல் மாதிரிக் கிடக்கு."

அம்மா சிரித்தார். பிறகு நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். வேர்த்தால் கன்னம் எரியுமா? பவுடர் பூசினால் கடிக்குமா? சவுக்காரம் மாற்றினால் சிவக்குமா? கடைசியாக, முந்தி என்னென்ன பூசினீர்கள் என்று கேட்டாய். அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். "கடையில இருந்த ஏதோ ஒரு கிறீம், கொஞ்ச நாள்" என்று மட்டும் சொன்னார். நீயும் என்னை ஒருதரம் பார்த்தாய். பிறகு குனிந்து உன் கொப்பியில் எழுதினாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எனக்கும் அன்றைக்குத்தான் பாடம் எடுத்தாய். ரியூப்பில் பிரெஞ்சில் போ கிறாஸ் என்று இருந்தால் எண்ணெய்த் தோலுக்கு, தண்ணீர் மாதிரி ஓடுகிற கிறீம். போ செக் என்றால் காய்ந்த தோலுக்கு, வெண்ணெய் மாதிரித் தடித்தது. போ சான்சிப்ல் என்றால் தொட்டாற்சுருங்கித் தோலுக்கு, வாசனை சேர்க்காதது. எனக்கு எண்ணெய்த் தோல் என்று சொல்லி ஓடுகிறதை எடுத்துத் தந்தாய். எவ்வளவு பூசவேண்டும் என்று கேட்டேன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கவேண்டும் என்றாய். என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நாலு விரல் அப்பா. உங்கட நெத்தி பிடரி மட்டும் போகுது" என்றாய். காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் நான் உன்னை வியந்தது அதற்குப் பிறகு நடந்ததற்காக. அம்மாவுக்கு நீ தெரிந்தெடுத்த கிறீம் பிழையாய்ப் போய்விட்டது. தொட்டாற்சுருங்கித் தோலுக்கு உகந்த, துத்தநாகப் பொடி போட்ட கிறீம் அது. எரிச்சல் இல்லை, கடி இல்லை, எல்லாம் சரி. ஆனால் பூசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்த அம்மா, "இதென்னடா, பொரிக்கிறதுக்கு மாவில பிரட்டின மீன் மாதிரி?" என்று சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார். வெள்ளை வெளேரென்று சாம்பல் படிந்த மாதிரி இருந்தது முகம். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். படித்தவனும் சறுக்கினான் என்று. நீ என்ன செய்தாய்? துவாயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாய். "பிழை என்னில அம்மா. உங்கட தோலைப் பாத்தன், நிறத்தைப் பாக்கேல்லை" என்றாய். இத்தனை வருஷ வியாபாரத்தில் என் வாயால் ஒரு வாடிக்கையாளருக்கும் 'பிழை என்னில்' என்று சொன்னதில்லை. சொன்னால் கடை உடைந்து விழுந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

நீ திரும்பிப் போய் ஒரு மாதத்துக்குள் மூன்று சின்ன ரியூப் வந்தது. மூன்றும் மண்ணிறம், ஒன்றைவிட ஒன்று கடுமை. தாடை ஓரத்தில் மூன்று கோடு இழுக்கச் சொன்னாய். எது தோலோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களது என்றாய். நடுக்கோடு காணாமல் போனது. கன்னத்தில் கறுத்துப் படர்கிற மங்குக்கு வெயில் மட்டும் எதிரி இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் எதிரி, அந்த மண்ணிறச் சாயம் அதையும் மறிக்கும் என்று விளங்கப்படுத்தினாய். அதோடு நீ சொன்ன இன்னொன்று எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "மாறும் எண்டு சொல்லமாட்டன் அம்மா. இது கூடாமல் மறிக்கும், அவ்வளவுதான். மாத்துறதுக்குத் தோல் டொக்டரிட்டப் போகவேணும். தொப்பியும் போடவேணும்." தன் சரக்கு எதைச் செய்யாது என்று தானே சொல்லுகிற விற்பனைக்காரனை நான் கண்டதில்லை. என் வீட்டுக்குள்ளேயே ஒருவன் வளர்ந்திருக்கிறான், எனக்குத் தெரியாமல்.

இனி அந்த வசனம்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்து தலைமன்னார்ப் பக்கம் கரையில் வாடி போட்ட காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். கொட்டிலும், கருவாடு காயப்போடுகிற பரணும் மட்டும்தான் எங்கள் சொத்து. மீனைக் கீறி, உப்புப் போட்டு, விரித்து, புரட்டி, அள்ளுகிற வேலை முழுக்க அம்மா. விற்கக் கொண்டுபோகிறது நான். வெயில் மேலிருந்தும் அடிக்கும், வெள்ளை மணலில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். சேலைத் தலைப்பை எவ்வளவு இழுத்துப் போர்த்தாலும் கீழிருந்து வருகிற வெயிலுக்கு முக்காடு இல்லை. ஆறு வருஷத்தில் அவருடைய இரண்டு கன்னமெலும்பிலும் மங்கு கறுத்துப் படர்ந்தது. அந்த ஆறு வருஷ உழைப்பில்தான் உப்புக்குளத்துக் கடையை எடுத்தோம். பின்னறையில் கருவாடு, முன்பக்கம் பவுடர், வளையல், கிறீம்.

கடை திறந்த புதிதில் முகம் வெளுக்கிற கிறீம் ஒன்று நன்றாக ஓடியது. பெட்டியில் ஒரு பெண்ணின் படம் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. அதை ஒருநாள் அம்மா ஒரு பெண்ணுக்கு எடுத்துக் காட்டினார். அவள் கிறீமைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வாயைக் கோணிச் சிரித்துவிட்டு வாங்காமல் போனாள். அவள் படியிறங்கியதும் நான் அம்மாவிடம் சொன்னேன்: "இந்த மூஞ்சையோட நீர் முன்னுக்கு நிண்டா எங்களிட்ட ஆர் கிறீம் வாங்குவினம்? பின்னால போய்க் கருவாட்டைப் பாரும்."

எழுதிவிட்டேன். இதுதான் அது. அந்த முகம் அப்படி ஆனது எந்த வெயிலில், யாருடைய கடைக்காக என்று அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அம்மா பின்னறைக்குப் போனார். அதற்குப் பிறகு முன்பக்கம் வரவில்லை. நான் அதைச் சரிக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு அதே கிறீமில் ஒன்றை அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாளில் வெளுத்தார். பார்த்தீரா என்று பெருமையடித்தேன். இரண்டாம் மாதம் கன்னம் சிவந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலும் எரிகிற அளவுக்கு வந்தது. பூசுவதை விட்டதும் பழைய மங்கு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. காட்டிய டொக்டர், வைத்தியர் எழுதித் தராமல் தொடவே கூடாத மருந்து ஏதோ அதில் கலந்திருக்கிறது, தோலை அரித்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு அம்மாவைப் பூசவிடவில்லை. கடையில் விற்பதை நிறுத்தவில்லை. அலுமாரியில் மிச்சம் கிடந்ததை விற்று முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். இதை எழுதச் சொல்லி அம்மா கேட்கவில்லை, அவருக்கு இது தெரியாது. கையில் பேனை இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நீ வெளிநாடு போன பிறகு வீடியோவில் எடுத்தால் அம்மா போனை முகட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கதைப்பார். எட்டு வருஷம் நீ எங்கள் வீட்டு முகட்டு ஓடுகளைப் பார்த்துக் கதைத்தாய். ஒருநாளாவது "போனைத் திருப்புங்கோ" என்று நீ கேட்டதில்லை. வெட்கப்படுகிற ஆளை வற்புறுத்தக்கூடாது என்று உனக்கு யார் சொல்லித் தந்தது? நான் இல்லை.

இவ்வளவும் பட்டவன் திருந்தியிருப்பேன் என்றுதானே நினைப்பாய்? இந்த வருஷத் தொடக்கத்தில் நடந்தது உனக்கு அரைவாசிதான் தெரியும். அம்மாவின் மண்ணிறக் கிறீமைக் கோவிலில் இரண்டு பேர் விசாரித்தார்கள். எனக்குள்ளே இருக்கிற வியாபாரி எழும்பிவிட்டான். உன்னைக் கேட்டால் நூறு கேள்வி கேட்பாய் என்று, அங்கிருந்து வருகிற வேறொருவரிடம் சொல்லி ஒரு பெட்டி எடுப்பித்தேன். முழுக்க ஒரே வகை. காய்ந்த தோலுக்கான தடித்த கிறீம், அதுவும் வெள்ளை படிகிற வகை. தடிப்பாக இருந்தால் சத்து, வெள்ளையாகத் தெரிந்தால் சனத்துக்குச் சந்தோஷம் என்பது என் கணக்கு. 'பிரான்ஸ் கிறீம், பூசிய உடனே வெளுக்கும்' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டு, எல்லாருக்கும் தெரியட்டும் என்று வீதிப்பக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கினேன். பின்னேர வெயில் நேரே விழுகிற பெட்டி. அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். நீ கடைக்குப் போன் எடுத்தாய்.

"அப்பா, எந்தத் தோலுக்கு எடுத்தனீங்கள்?"

"முகத்துத் தோலுக்கு."

"எண்ணெய்த் தோலுக்கோ, காய்ஞ்ச தோலுக்கோ?"

"முகம் எண்டா முகம்தானே தம்பி. வாற ஆக்களைத் தடவிப் பாத்தே நான் சாமான் விக்கிறது?"

பிறகு கேட்டாய்: "பெரிய கட்டாவுக்குப் போடுற உப்பைச் சின்ன நெத்தலிக்குப் போடுவியளோ அப்பா?"

நான் கணக்குக் கொப்பியை இழுத்து விரித்தேன். நீ விடவில்லை.

"நெத்தலிக்கு எவ்வளவு வெயில், கட்டாவுக்கு எத்தனை நாள் எண்டு சின்னனில எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். மீனுக்குப் பாக்கிறியள். மனிசருக்குப் பாக்கமாட்டியளோ?"

"சரி சரி, நீ பெரிய டொக்டர்" என்று போனை வைத்தேன். வைத்தேனே தவிர, அன்று முழுக்க அந்தக் கேள்வி என் பின்னாலேயே திரிந்தது. வாடியில் ஒரு புதுக்காரன் எல்லா மீனுக்கும் ஒரே கை உப்புப் போட்டால் அவனுக்கு நான் எவ்வளவு ஏச்சுக் கொடுப்பேன்!

இரண்டு நாள் கழித்துத் திரேசா வந்தாள். எங்கள் வாடியில் மீன் கீறுகிறவள், வாய்க்காரி. கிறீமைக் கொண்டுவந்து மேசையில் குத்தினாள். முகத்தில் வேர்வை ஓடிய இடமெல்லாம் கோடு கோடாக வெள்ளை, நெற்றி நிறையப் புதுப் பரு.

"முதலாளி, உங்கட பிரான்ஸ் கிறீமைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனன். ரோட்டில நிண்ட கழுதையும் என்னைக் கண்டு விலத்திப் போகுது."

"பூசப் பூசச் சரிவரும் பிள்ளை" என்று நான் என் பழைய பல்லவியைத் தொடங்கினேன். பின்னறைச் சீலை விலகியது. அம்மா வந்தார். பதினாலு வருஷத்துக்குப் பிறகு முன்பக்கம் வந்தார்.

"திரேசா, இது உமக்கில்லை. உமக்கு எண்ணெய் வடியிற முகம். இது காய்ஞ்ச தோலுக்கு. உமக்குத் தண்ணி மாதிரி இருக்கிறது வேணும், பருவைக் கூட்டாது எண்டு போட்டிருக்கும்."

"உங்களுக்கு உதெல்லாம் எப்பிடியக்கா தெரியும்?"

"என்ர மோன் சொன்னவன். அது மட்டுமில்லை, என்ர முகத்தைப் பாரும். விசாரிக்காமப் பூசினா என்ன வரும் எண்டு இதில எழுதிக் கிடக்கு." அப்படியே என் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்கோ, முதல்ல அந்தப் பெட்டியை உள்ளுக்க எடுங்கோ. வெயிலுக்குப் பூசுற சாமானை வெயிலிலயே வைச்சு உருக்கிறியள்."

ஒன்றைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் வேறாக, தண்ணீர் வேறாகப் பிரிந்து வடிந்தது. மட்டையைக் கழற்றினேன். வாங்கிக்கொண்டு போனவர்களிடமிருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுத்தேன். திருப்பி எடுக்கும்போது, "பிழை என்னில" என்று சொல்லிப் பார்த்தேன். கடை விழவில்லை.

இப்போது உன் சொற்படிதான் எடுக்கிறோம். நாலு வகை, கொஞ்சம் கொஞ்சமாக, நிழலான அலுமாரியில். மேசையில் ரிசுத் தாள். வருகிற பெண்களை அம்மா முதலில் கதிரையில் இருத்துகிறார். எங்கே வேலை, வெயிலில் எத்தனை மணித்தியாலம், வேர்த்தால் எரியுமா, இப்போது என்ன பூசுகிறீர் என்று கேட்கிறார். ஐம்பது என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கிறதா, வட்டத்துக்குள் யூவிஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கப் பழக்குகிறார். காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி ஒருநாள் பொறுத்துவிட்டு வாருங்கள் என்று வாங்க வந்தவர்களையே திருப்பி அனுப்புகிறார்! வயல் வேலைக்காரர் ஒருவர் இலுப்பைக்கடவையிலிருந்து வந்தார். அவருக்குக் கிறீமே கொடுக்கவில்லை. "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா உங்களால பூசேலாது அண்ணை. அகலமான தொப்பியும் நீளக்கைச் சேட்டும் போடுங்கோ, அதுதான் உங்களுக்குக் கிறீம்" என்று அனுப்பினார். போன காசை நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அடுத்த கிழமை அவர் தன் மனிசியையும் இரண்டு மச்சாள்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். விற்காமல் அனுப்புவதும் ஒரு வியாபாரம்தான். எனக்கு இந்த வயதில்தான் பிடிபடுகிறது, உனக்கு எப்படி இவ்வளவு வெள்ளனப் பிடிபட்டது?

ஆனால் உப்புக்குளத்துக் கடை மேசை வேறு, உன் கலியாணக் கோவில் வேறு. நீ திகதி சொன்னதும் கடவுச்சீட்டுப் படம் எடுக்க அம்மாவை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே காத்திருக்கிற வாங்கில் இருந்தார். முறை வந்ததும் எழும்பினார், சீலையைச் சரிசெய்தார், நேரே வாசலால் வெளியில் நடந்தார். அதற்குப் பிறகுதான் முழங்கால் நோ என்று உனக்கு நான் பொய் சொன்னதெல்லாம். அப்படியே இழுபட்டுக்கொண்டு போய், போன செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அண்டைக்கு நீங்கள் சொன்னதை அவனுக்கு எழுதுங்கோ. பிறகு நான் வாறன்."

"அவனுக்கு என்னத்துக்கு? அவனுக்கு அது தெரியாதே."

"அவன் கேட்டவன்."

"எங்க நிண்டு?"

"பின்னறையில. பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்துக் கழட்டிக்கொண்டு நிண்டவன். நான் உள்ளுக்கப் போகேக்க ஒண்டும் கேக்கேல்லை. என்னோட இருந்து கருவாடு பிரிச்சவன், அவ்வளவுதான். நீங்கள் செய்தது பிழை எண்டு உங்களுக்குத் தெரியும் எண்டு, உங்கட வாயால அவனுக்குத் தெரியவேணும். இல்லாட்டி இந்த முகத்தோட அவனுக்குப் பக்கத்தில நான் எப்பிடி நடக்கிறது?"

மகன், பதினைந்து வயதில் அந்த வசனத்தைக் கேட்டவன் நீ. கேட்டுவிட்டும், போன் எடுத்த ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டனீங்களோ அப்பா" என்று தொடங்கினவன். அந்த ஊரில் முதல் கோப்பை கழுவி, பிறகு பாஷை படித்து, பிறகு மருந்துக்கடையில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றபோதும் என்னை ஒரு சொல்லால் குத்தாதவன். போன வருஷம் அந்த வாசல் நிலையில் நின்ற என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாயே, அப்போதும் உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் கையில் அப்படி ஒரு ஆளின் குற்றம் இருந்திருந்தால் நான் அதைச் சும்மா விட்டிருக்கமாட்டேன். நீ அந்த மூட்டையை அவிழ்க்கவேயில்லை. அம்மாவின் முகத்துக்கு எது நல்லது என்று மட்டும் பார்த்தாய்.

அன்றைக்கு நான் சொன்னது பிழை, தம்பி. சொன்னதும் பிழை, அந்தக் கிறீமைக் கொடுத்ததும் பிழை, மிச்சத்தை விற்றதும் பிழை. பிழை என்னில்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று. நாளைக்கு உன் மனிசி கண்ணாடிக்கு முன்னால் நின்று "எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லு. பார்க்காமல் சொன்ன ஆட்களில் நான் ஒருவன். அதோடு, ஊர் முழுக்கப் பூசிவிடுகிற நீயும் கொஞ்சம் பூசு. போன முறை வீடியோவில் உன் மூக்கு உரிந்து கிடந்தது, நான் பார்த்தேன்.

இதுவரை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு யன்னலோரம் இருந்து வாசித்தார். மெதுவாக, ஒரு தாளை இரண்டு தரம் வாசித்தார். மிச்சத்தை விற்ற கதை அந்தத் தாளில்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த மிச்சக் கிறீமை வாங்கின ஆக்களை உங்களுக்குத் தெரியுமே?"

"கனபேரைத் தெரியும்."

"அப்ப அவையிட்டயும் போகவேணும். கலியாணத்துக்குப் போட்டு வந்து ரெண்டு பேருமாப் போவம். கூட்டிக்கொண்டு வந்து டொக்டரிட்டக் காட்டுவம்." கொஞ்சம் பொறுத்து, "திரேசாவின்ர கழுதைக் கதை நல்லாயிருக்கு. உங்களைத்தான் கொஞ்சம் கூடுதலா நல்லவராக்கி எழுதியிருக்கிறியள்" என்றார். பிறகு எழும்பி முகம் கழுவப் போனார். "ஸ்ரூடியோ ஆறு மணிக்குப் பூட்டிப்போடுவான். வேற சேட் போடுங்கோ."

வாங்கில் இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முறை வந்ததும் கையை விட்டுவிட்டு உள்ளே போய், முக்காட்டை எடுத்துவிட்டு விளக்குக்கு முன்னால் இருந்தார். எடுத்த படம் பெரிதாகத் திரையில் வந்தது. ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. படக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பாஸ்போட் படத்தில் முகத்தைத் திருத்த விடமாட்டார்கள் என்று சங்கடப்பட்டார். அம்மா கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"வலப்பக்கம் கொஞ்சம் வெளிச்சிருக்கு, என்ன?"

"ஓம்" என்றேன். உண்மையாகவே வெளித்திருந்தது.

"இடப்பக்கம் கிடக்கட்டும், அவருக்கு ஒரு ஞாபகத்துக்கு" என்று படக்காரரிடம் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, "இதையே அனுப்பும் தம்பி" என்றார்.

ஆகையால் வாசலில் நின்று யாரையும் தேடாதே. அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடப்பார். நான் பின்னால் வருகிறேன்.

அப்பா